கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையோடு அமெரிக்கா போகிறீர்களா? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தேடும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போகும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆபீஸ் எங்கே, அங்கிருந்து அரை மணி நேரத்தில் என்ன ஊர், அந்த ஊர்ப் பள்ளிக்கு கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பத்துக்கு எத்தனை. எட்டுக்குக் கீழே என்றால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

ஆட்டிசம், பேச்சுத் தாமதம், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் திணறல்), ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிற்காமை, அதிகத் துறுதுறுப்பு) என்று ஏதோ ஒரு காரணத்தால் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அந்த எண் பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் போடுவது. மாலையானால் டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள் நிறைந்த ஊரில் எண் தானாக ஏறும். உங்கள் பிள்ளைக்கு வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஸ்பீச் தெரபி கிடைக்கும், அதைக் கொடுக்க அந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறாரா, அல்லது அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளியில் உதவி கேட்டு அல்லாடும் பெற்றோரும் உண்டு, ஆறு வாங்கிய பள்ளியில் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.

சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்று, நடைமுறை அப்படி இல்லை

1975-ல் வந்து, 1990-ல் ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறிய கூட்டாட்சிச் சட்டம்தான் அடிப்படை. தகுதி பெறும் பிள்ளைக்கு 3 வயதிலிருந்து 21 வயது வரை, அவர்கள் தேவைக்குப் பொருத்தமான கல்வியைப் பொதுப் பள்ளி இலவசமாகத் தர வேண்டும். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, தேவைப்பட்டால் தனி பஸ், எல்லாம் அதில் அடக்கம். என்ன உதவி, எத்தனை நிமிடம், எந்த வகுப்பில், என்ன இலக்கு என்பதை எழுத்தில் வைக்கும் ஆவணம்தான் ஐ.இ.பி. வருடத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து பேசி அதைப் புதுப்பிக்க வேண்டும். தனிப் பாடமோ தெரபியோ வேண்டாம், தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை மாதிரி வசதிகள் போதும் என்றால் 504 பிளான் என்ற இன்னொன்று இருக்கிறது. அது 1973-ஆம் வருடச் சட்டம் ஒன்றின் கீழ் வருவது. மூன்று வயது முடியாத குழந்தைக்குப் பள்ளியை அணுக வேண்டாம். மாநிலம் நடத்தும் ஏர்லி இன்டர்வென்ஷன் அலுவலகத்தைத் தேடுங்கள்.

விசா பற்றிய பயம் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பொதுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஹெச்4 விசாவில் வரும் பிள்ளைக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும். 2017-ல் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: ஏதோ பெயருக்கு ஒரு முன்னேற்றம் காட்டினால் போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் ஊருக்கு ஊர் வித்தியாசம்? பொதுப் பள்ளிகளை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற உள்ளூர் நிர்வாகம், அங்கேதான் வித்தியாசம் வருகிறது. முதல் காரணம் பணம். இப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரலாம் என்று சட்டம் சொல்கிறது. இதுநாள் வரை அது அந்த அளவைத் தொட்டதே இல்லை. மீதியை மாநிலமும் உள்ளூர்ச் சொத்து வரியும் சுமக்கின்றன. இரண்டாவது, நிர்வாகத்தின் மனநிலை. டெக்சாஸ் மாநிலத்தில் 2004 முதல் பல வருடங்கள், மாணவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு மேல் ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்க வேண்டாம் என்பதுபோல் ஒரு இலக்கு டிஸ்ட்ரிக்டுகளைக் கண்காணிக்கும் முறையில் இருந்தது. 2016-ல் பத்திரிகை ஒன்று அதை வெளிக்கொண்டுவந்தது. அது சட்ட மீறல் என்று 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை முடிவு செய்தது. அந்த இலக்கு இப்போது இல்லை. ஆனால் காகிதத்தில் உரிமை இருந்தும் பிள்ளைகள் வெளியே நின்றார்கள் என்பதை வீடு தேடும்போது மறக்காதீர்கள்.

முதல் வேலை: பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம்

ஊரைத் தேடும் முன், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "நல்ல ஸ்பெஷல் எஜுகேஷன் உள்ள டிஸ்ட்ரிக்ட் எது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வாய் பேசாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற இடம் வேறு, வாசிக்கத் திணறும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற இடம் வேறு. பேச்சு எப்படி, டாய்லெட் பழக்கம் எப்படி, கூட்டத்தில் என்ன செய்வான், ஓடிவிடுவானா, எதில் கெட்டிக்காரன், முப்பது பேர் உள்ள வகுப்பில் இருந்து கற்றுக்கொள்வானா, எட்டுப் பேர் உள்ள வகுப்பு வேண்டுமா. மழுப்பாமல் எழுதுங்கள்.

கூடவே கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள். டாக்டர் கொடுத்த டயக்னோசிஸ், தெரபிஸ்ட்களின் அறிக்கைகள், பள்ளி ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை. இந்தியாவில் வாங்கிய யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு அங்கே வேலை இல்லை, ஆனால் அதற்காக எடுத்த மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு உண்டு. வீட்டில் பிள்ளை சாப்பிடுவது, விளையாடுவது, பேசுவது, அடம்பிடிப்பது என்று சில வீடியோக்களும் வேண்டும். புது இடத்தில் முதல் மாதம் பல பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் அவன் எப்படி இருப்பான் என்பதற்கு அந்த வீடியோதான் சாட்சி.

சில வீடுகளில் இந்திய அறிக்கையைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். புது நாடு, புதுப் பள்ளி, பிள்ளை சரியாகிவிடுவான், எதற்கு முத்திரை குத்த வேண்டும் என்ற எண்ணம். புரிகிறது. ஆனால் வகுப்பில் அவன் தடுமாறுவதைப் பள்ளி தானாகக் கண்டுபிடிக்கும் வரை ஒரு வருடம் போய்விடும். பள்ளியில் இருக்கும் அந்த ஆவணங்கள் ரகசியமானவை. கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலில் பிள்ளை ஸ்பெஷல் எஜுகேஷனில் படித்தான் என்று எழுதுவதில்லை. தமிழ்ச் சங்கத்தில் யாருக்கும் தெரியப் போவதும் இல்லை, நீங்களாகச் சொன்னால் தவிர.

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், எல்லையைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஊரின் எல்லையும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் எல்லையும் பல இடங்களில் ஒத்துப்போகாது. டெக்சாஸில் வீட்டு முகவரி பிளேனோ என்று இருக்கும், பள்ளி ஃப்ரிஸ்கோ டிஸ்ட்ரிக்டில் வரும். அர்விங் நகரத்தின் ஒரு பகுதி கொப்பெல் டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது. சிகாகோ பக்கம் நேப்பர்வில் ஒரே ஊர், டிஸ்ட்ரிக்ட் 203, 204 என்று இரண்டு. கலிபோர்னியாவில் இன்னும் குழப்பம்: கூப்பர்டினோவில் எட்டாவது வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஒன்பதாவதிலிருந்து ஃப்ரிமான்ட் யூனியன் என்ற வேறொரு டிஸ்ட்ரிக்ட். பெயரைப் பார்த்து ஃப்ரிமான்ட் நகரத்தில் வீடு எடுத்தால் அது சம்பந்தமே இல்லாத மூன்றாவது டிஸ்ட்ரிக்ட். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் வீட்டு எண்ணோடு முகவரியைப் போட்டுப் பாருங்கள். ரியல் எஸ்டேட் தளம் காட்டுவதை நம்பாதீர்கள்.

அளவும் முக்கியம். வர்ஜீனியா, மேரிலாந்து மாதிரி இடங்களில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் மட்டும் 1,70,000-க்கும் அதிகமான மாணவர்கள். நியூ ஜெர்சியில் ஊருக்கு ஊர் தனி டிஸ்ட்ரிக்ட், மொத்தம் 600-ஐ ஒட்டி வரும். பெரிய டிஸ்ட்ரிக்டில் பலவகை வகுப்புகள் இருக்கும், காது கேளாதவர்களுக்கு ஒன்று, ஆட்டிசத்துக்கு இரண்டு மூன்று வகை என்று. ஆனால் அந்த வகுப்பு உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளியில் இருக்காது. பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். சின்ன டிஸ்ட்ரிக்டில் ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டருக்கே உங்கள் பிள்ளையின் பெயர் தெரியும், ஆனால் தேவை கொஞ்சம் அதிகமானால் அவர்களிடம் வகுப்பு இருக்காது. அப்போது பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்கோ தனியார் சிறப்புப் பள்ளிக்கோ டிஸ்ட்ரிக்ட் செலவிலேயே அனுப்புவார்கள். நியூ ஜெர்சியில் இது சர்வ சாதாரணம். என்னைக் கேட்டால், தேவை அதிகமுள்ள பிள்ளைக்குப் பெரிய டிஸ்ட்ரிக்டையும், வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு சமாளிக்கும் பிள்ளைக்கு நடுத்தர அல்லது சின்ன டிஸ்ட்ரிக்டையும் முதலில் பார்ப்பேன். விதிவிலக்குகள் நிறைய.

இதனால்தான் பள்ளியை வைத்து வீடு தேடாமல் டிஸ்ட்ரிக்டை வைத்துத் தேடச் சொல்கிறேன். "நடந்தே போகிற தூரத்தில் பள்ளி" என்று கூடுதல் வாடகை கொடுத்த பிறகு பிள்ளை ஆறு மைல் தள்ளிப் படிப்பது நடக்கிற விஷயம்.

எண்கள் பார்த்தே ஆக வேண்டுமென்றால்

ஒவ்வொரு மாநிலமும் தன் டிஸ்ட்ரிக்டுகள் ஸ்பெஷல் எஜுகேஷனில் எப்படிச் செயல்படுகின்றன என்று வருடாவருடம் வெளியிட வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் தேடினால் கிடைக்கும். அதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஐ.இ.பி. உள்ள பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேர் நாளின் 80 சதவீதமோ அதற்கு மேலோ நேரத்தை வழக்கமான வகுப்பில் கழிக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குப் பேர். அதைவிட மிகக் குறைவாக இருந்தால், தனி வகுப்பில் ஒதுக்கும் பழக்கம் உள்ள இடமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டைச் சட்டம் வைத்த கெடுவுக்குள் முடித்தார்களா. அங்கே தாமதம் என்றால் ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம் கொள்ளலாம்.

மத்திய கல்வித் துறையின் சிவில் ரைட்ஸ் தரவுத் தளத்தில் பிள்ளைகளைப் பிடித்து அடக்கியது, தனி அறையில் அடைத்தது, சஸ்பெண்ட் செய்தது ஆகிய கணக்குகள் பள்ளிவாரியாக இருக்கின்றன. கோபம் வந்தால் அடிக்கும் பழக்கமுள்ள பிள்ளையின் பெற்றோர் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

போன் செய்து கேளுங்கள்

டிஸ்ட்ரிக்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் அலுவலகத்துக்கு நேராகப் பேசுங்கள். நியூ ஜெர்சியில் பிள்ளையை மதிப்பிடும் குழுவைச் சைல்ட் ஸ்டடி டீம் என்பார்கள். டெக்சாஸில் ஐ.இ.பி. முடிவெடுக்கும் குழுவுக்கு ஏ.ஆர்.டி. கமிட்டி என்று பெயர். எங்கே கூப்பிட்டாலும் முதலில் வரும் பதில், "எல்லாம் ஐ.இ.பி.யைப் பொறுத்தது." அது தட்டிக்கழிப்பு அல்ல, பிள்ளையைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "என் பையனுக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்காமல், "இப்போது முதல் வகுப்பில் இதேபோன்ற தேவை உள்ள பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த மாதிரி வகுப்பில் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள்:

- அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், எத்தனை உதவியாளர்? நியூயார்க்கில் 8:1:1 என்று எழுதியிருந்தால் எட்டுப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர்.
- ஸ்பீச் தெரபிஸ்ட் டிஸ்ட்ரிக்டின் சொந்த ஊழியரா, ஒப்பந்த ஆளா? இப்போது எத்தனை இடம் காலி?
- நடத்தைப் பிரச்சினைகளைப் பார்க்க பி.சி.பி.ஏ. (சான்று பெற்ற நடத்தை நிபுணர்) இருக்கிறாரா? எத்தனை பள்ளிகளுக்கு ஒருவர்?
- பேசாத பிள்ளை என்றால்: பேச்சுக்குப் பதிலாக உதவும் ஏ.ஏ.சி. கருவி, டேப்லட் வைத்துப் பேசப் பழக்கத் தெரிந்தவர் யார்?
- டிஸ்லெக்சியா என்றால்: ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் அல்லது வில்சன் என்ற வாசிப்புப் பயிற்சி முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் எந்தப் பள்ளியில்?
- எலிமெண்டரி முடிந்து மிடில் ஸ்கூல் போகும்போது இதே வகுப்பு தொடருமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்புவரை அருமையாக நடக்கும் இடம், ஆறாவதில் ஒன்றும் இல்லாமல் நிற்பது உண்டு.

சென்னையில் வகுப்பில் பிள்ளையின் கூடவே இருக்கும் ஷேடோ டீச்சரை நாமே சம்பளம் கொடுத்து அனுப்புவோம். அமெரிக்காவில் அந்த வழக்கம் இல்லை. தனி உதவியாளர் வேண்டுமா என்பதை ஐ.இ.பி. குழு முடிவெடுக்கும், செலவும் டிஸ்ட்ரிக்டுடையது. அதனாலேயே எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏன் தேவை, இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று தேதியோடு எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

அங்கே ஏற்கெனவே இருக்கும் பெற்றோர்

டைரக்டர் சொல்வதைவிட, அதே டிஸ்ட்ரிக்டில் இரண்டு வருடமாகப் பிள்ளையை அனுப்பும் ஓர் அம்மா சொல்வது பத்து மடங்கு பயன்படும். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் ஸ்பெஷல் எஜுகேஷன் பெற்றோர் ஆலோசனைக் குழு ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி. கலிபோர்னியாவில் பல டிஸ்ட்ரிக்டுகள் சேர்ந்த செல்பா என்ற அமைப்பின் கீழ் அப்படி ஒரு குழு இயங்கும். அதுபோக மத்திய அரசு நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு: நியூ ஜெர்சியில் ஸ்பான், மின்னசோட்டாவில் பேசர். இலவசமாக வழிகாட்டுவார்கள்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்பதும் நல்லதுதான், ஆனால் பதிலை வடிகட்டிக் கொள்ளுங்கள். "சூப்பர் டிஸ்ட்ரிக்ட்" என்று சொல்பவரின் பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான கிஃப்டட் வகுப்பில் இருக்கலாம். ஐ.இ.பி. உள்ள பிள்ளையின் பெற்றோரா என்று முதலில் கேளுங்கள். அவரிடம், "கேட்டது கிடைத்ததா?" என்பதோடு, "கேட்கும்போது எப்படி நடத்தினார்கள்?" என்றும் கேளுங்கள்.

வேலையில் சேரும் முன் இன்னொரு போன் கம்பெனி ஹெச்.ஆருக்கு. பள்ளிக்கு வெளியே ஏ.பி.ஏ. (நடத்தையைப் படிப்படியாகப் பழக்கும்) தெரபி எடுக்கக் காப்பீடு வேண்டும். ஆட்டிசத்துக்குக் காப்பீடு தர வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் இருந்தாலும், கம்பெனி தானே பணம் போட்டு நடத்தும் செல்ஃப்-ஃபண்டட் திட்டத்தை அவை கட்டுப்படுத்தாது. உங்கள் திட்டம் எந்த வகை, ஏ.பி.ஏ. அதில் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

போய் இறங்கியதும்

பள்ளியில் சேர்க்கும் அன்றே, சிறப்புக் கல்வித் தகுதிக்கான முழு மதிப்பீடு வேண்டும் என்று ஈமெயிலில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போகும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, என்ன கவலை, இந்திய அறிக்கைகள் இணைப்பில், அவ்வளவு போதும். கூட்டாட்சி விதிப்படி, நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளில் மதிப்பீடு முடிய வேண்டும். மாநிலம் தன் கெடுவை வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் உங்கள் கோரிக்கை வந்த 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டத்தைக் கையில் தர வேண்டும். நியூ ஜெர்சியில் சம்மதத்திலிருந்து 90 நாளில் ஐ.இ.பி. நடைமுறைக்கே வந்துவிட வேண்டும். தகுதி உண்டு என்று முடிவானால் 30 நாளில் ஐ.இ.பி. கூட்டம்.

சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று உண்மையைப் போடுங்கள். அதன்பின் ஆங்கிலத் தேர்வு வைத்து, ஆங்கிலம் பழக்கும் ஈ.எஸ்.எல். வகுப்பில் சேர்க்கலாம். சிக்கல் இங்கேதான் வரும்: "ஆங்கிலம் பழகட்டும், ஆறு மாதம் பொறுப்போம்" என்பார்கள். ஆங்கிலம் தெரியாதது மட்டுமே காரணம் என்றால் பிள்ளையைத் தகுதியுள்ளவன் என்று முடிவு செய்யக் கூடாது என்று சட்டம் சொல்வது உண்மை. அதற்காக மதிப்பீட்டையே தள்ளிப்போட அனுமதி இல்லை. தமிழிலேயே தடுமாறுகிறான், தமிழிலேயே மூன்று வயதுவரை பேசவில்லை என்று எழுதிக் கொடுங்கள். இந்திய அறிக்கை இதற்குத்தான் பெரிய பலம். முடிந்தவரை பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் மதிப்பீடு செய்ய வேண்டும். ஐ.இ.பி. கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. தாத்தா பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், செய்ய வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதாகத் தெரியவில்லை. பிள்ளையோடு பேச உங்களுக்கு எந்த மொழி இயல்பாக வருகிறதோ அதில் பேசுங்கள்.

கூட்டத்தில் ஐந்தாறு பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், முடிவில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். வந்ததற்கான கையெழுத்து வேறு, சம்மதக் கையெழுத்து வேறு. முதலாவதைப் போடலாம். இரண்டாவதை, "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கி வாருங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்ட ஒன்றை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. டிஸ்ட்ரிக்டின் மதிப்பீட்டில் உடன்பாடில்லை என்றால், வெளி நிபுணரை வைத்து அவர்கள் செலவில் இன்னொரு மதிப்பீடு கேட்கலாம். அவர்கள் ஒன்று செலவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.

ஏற்கெனவே அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் ஐ.இ.பி. வாங்கி வேறு மாநிலம் மாறுபவர்கள் அதன் முழு நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். புது டிஸ்ட்ரிக்ட் தன் மதிப்பீட்டை முடிக்கும்வரை பழைய திட்டத்துக்கு ஒப்பான சேவைகளைத் தர வேண்டும். இந்தியாவிலிருந்து நேராக வருபவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, மதிப்பீட்டிலிருந்துதான் ஆரம்பம். அதனால் முடிந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு வந்து சேரப் பாருங்கள். மே மாதம் வந்தால் கோடை விடுமுறை குறுக்கே வந்து, கெடுவும் பல மாநிலங்களில் நின்றுவிடும்.

முதல் வருடம் வீடு வாங்காதீர்கள், வாடகைக்கே இருங்கள். ஒரு ஐ.இ.பி. வருடம் முழுக்கப் பார்த்தால்தான் எழுதியபடி தெரபி நடக்கிறதா, ஆசிரியர் மாறும்போது என்ன ஆகிறது, கேள்வி கேட்டால் எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதெல்லாம் தெரியும். அப்புறம் வாங்குவதாக இருந்தாலும், பிள்ளை போகப்போகும் மிடில் ஸ்கூலையும் ஹை ஸ்கூலையும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.